வெளியூராரைத் தடுப்பதா, பூட்டிய வீட்டுக்கு வரி போடுவதா?

சென்ற மாதக் கிளைக் கூட்டத்தில், ஸ்ரீசிட்டியில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்க்கும் இளம் தோழர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். "ஜப்பான்காரர்கள் நம் மாவட்டத்துக்கு வந்து வண்டி ஆலையும் ஏ.சி. ஆலையும் வைத்திருக்கிறார்கள். நாம் ஜப்பானுக்குப் போய் ஒரு பிளாட் வாங்க முடியுமா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கொர்லகுண்டாவில் ஒரு போர்ஷனுக்கு அட்வான்ஸ் கொடுக்க வழியில்லை, ஒசாகாவில் வீடு வாங்கப் போகிறாராம் என்று ஒருவர் கேலியும் செய்தார்.

அதே கூட்டத்தில் வேறு சில தோழர்கள் ஒரு தீர்மானத்தை முன்வைத்தார்கள். திருப்பதியில் வெளியூர்க்காரர்கள் வீடு வாங்குவதற்குத் தடை விதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். காரசாரமான விவாதம் நடந்து, முடிவெடுக்காமல் தள்ளிவைக்கப்பட்டது.

இந்தக் கேள்வியும் இந்தத் தீர்மானமும் தனித்தனி விஷயங்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. தான் குடியிருக்காத ஊரில் பணம் உள்ளவன் வீடு வாங்கிப் போட்டால், அந்த ஊரில் உழைத்துக் குடியிருப்பவனுக்கு என்ன ஆகும் என்பதே இரண்டிலும் உள்ள பிரச்சினை. ஆகவே முதலில் இளம் தோழரின் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, பிறகு தீர்மானத்துக்கு வருவோம்.

ஜப்பானில் யார் வாங்கலாம்?

பதில் சுருக்கமானது. சட்டப்படி வாங்கலாம். ஜப்பானில் வீடு வாங்க அந்நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. அங்கே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. வாங்கிய பிளாட் முழு உரிமையோடு வாங்கியவர் பெயருக்கே பதிவாகும். கட்டடம் நிற்கும் மண்ணிலும் அவருக்குப் பங்கு உண்டு. திருவல்லிக்கேணியில் மேன்ஷன் என்றால் பிரம்மச்சாரிகள் தங்கும் அறை. ஜப்பானியர் அதே சொல்லை எடுத்து, கான்கிரீட் அடுக்குமாடி வீட்டுக்கு 'மான்ஷன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டுச் சட்டமும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. இந்தியாவில் குடியிருக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கே சொத்து வாங்க ரிசர்வ் வங்கி இடம் கொடுக்கிறது. நம் கணக்கில் 2 கோடி ரூபாய்க்கு மேல். ஆக, கதவு திறந்துதான் இருக்கிறது. 2 கோடி ரூபாய் கையில் உள்ளவருக்குத் திறந்திருக்கிறது.

வாங்கிய பிறகு என்ன? வீடு வாங்கியதால் விசா கிடைக்காது. அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை இல்லாதவருக்குப் பெரும்பாலான வங்கிகள் கடன் தருவதில்லை. பராமரிப்புத் தொகையும், எதிர்காலப் பழுதுபார்ப்புக்கான சேமிப்புத் தொகையும் மாதந்தோறும் கட்ட வேண்டும். சொத்துவரி உண்டு, வெளிநாட்டில் இருப்பவர் அதைச் செலுத்த ஜப்பானிலேயே ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும். இவ்வளவும் செய்து வாங்குகிறவர் அங்கே போய்க் குடியிருக்க வாங்குவதில்லை. 2024ஆம் ஆண்டில் யென் நாணயத்தின் மதிப்பு, டாலருக்கு எதிராக, சுமார் 38 ஆண்டுகளில் காணாத அளவுக்கு வீழ்ந்தது. ஜப்பானிய வீடு அந்நியருக்கு மலிவாயிற்று. மலிவாக வாங்கி விலை ஏறும்போது விற்பதே நோக்கம்.

விலை ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கைக்கும் ஜப்பானே பதில் சொல்லியிருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் டோக்கியோ நிலவிலை வானத்தைத் தொட்டது. 1990களின் தொடக்கத்தில் அது சரிந்தது. அதன்பின் பல ஆண்டுகள் எழவே இல்லை. வாங்கிய விலையில் பாதிக்கும் விற்க முடியாமல், கடனை மட்டும் கட்டிக்கொண்டிருந்த குடும்பங்கள் அங்கே ஏராளம். "மண்ணில் போட்ட பணம் இறங்காது" என்று இங்கே புரோக்கர்கள் சொல்லும்போது நம் உறுப்பினர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோயில் நகரம் கியோட்டோ

ஜப்பானில் நமக்குப் பாடமாக இருக்கும் ஊர் டோக்கியோவை விடக் கியோட்டோதான். அது அவர்களுடைய பழைய தலைநகரம். கோயில்கள் நிறைந்த ஊர். யாத்திரிகர்களும் சுற்றுலாப் பயணிகளும் நாள்தோறும் வந்து குவிகிறார்கள். திருப்பதியைப் போலவே அங்கும் எப்போதாவது வந்து தங்குவதற்கென்று வீடு வாங்கிப் பூட்டி வைத்திருக்கும் வெளியூர்ச் செல்வந்தர்கள் உண்டு. வீட்டு விலை ஏறியதால் இளம் தம்பதிகள் பக்கத்து ஊர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். நகரின் மக்கள்தொகையே குறையத் தொடங்கியது.

கியோட்டோ நகரசபை என்ன செய்தது? வெளிநாட்டுக்காரன் வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. யாரும் குடியில்லாத வீட்டுக்குத் தனி வரி என்று 2022ஆம் ஆண்டில் தீர்மானித்தது. 2023இல் மத்திய அரசு அதற்கு ஒப்புதல் கொடுத்தது. இந்தப் பத்தாண்டின் இறுதியில் அது நடைமுறைக்கு வர இருக்கிறது. பாரம்பரியமான பழைய மரவீடுகளுக்கும் மதிப்புக் குறைந்த வீடுகளுக்கும் விலக்கு உண்டு. மற்றபடி வீட்டுச் சொந்தக்காரர் ஜப்பானியரா, சீனரா, அமெரிக்கரா என்று அந்த வரி கேட்பதில்லை. வீட்டில் மனிதர்கள் குடியிருக்கிறார்களா என்று மட்டும் கேட்கிறது.

இன்னொன்றும் அங்கே நடந்தது. குடியிருப்பு வீடுகளை யாத்திரிகர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் பழக்கம் பெருகியபோது, 2018ஆம் ஆண்டில் ஜப்பான் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி அத்தகைய வீட்டை ஆண்டில் 180 நாட்களுக்கு மேல் அப்படி விடக் கூடாது.

கனடாவின் வான்கூவர் நகரிலும் 2017 முதல் காலி வீட்டு வரி இருக்கிறது. ஆகவே இது யாரோ ஒருவரின் கற்பனைக் கோரிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது.

நம் திருப்பதியின் நிலை

இனி நம் ஊருக்கு வருவோம். திருச்சானூர் சாலை, ரேணிகுண்டா சாலை, கரகம்பாடி சாலை, அலிபிரிப் பக்கம் என்று எங்கு பார்த்தாலும் அடுக்குமாடிகள். 2022 ஏப்ரல் 4ஆம் தேதி திருப்பதி தனி மாவட்டம் ஆனபின் இந்த வேகம் கூடியிருக்கிறது. இவற்றைக் கட்டியவர்களில் நம்மவர்கள் பலர். திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கத்துக் கொத்தனார்களும், சென்ட்ரிங் ஆட்களும், சித்தாள் பெண்களும் கட்டட வாசலில் தகரக் கொட்டகை போட்டுக் குடியிருந்து கட்டினார்கள். கட்டி முடிந்தது, கொட்டகையைப் பிரித்தார்கள்.

அந்த வீடுகளை வாங்கியவர்களில் சென்னை, பெங்களூர், ஹைதராபாத் வாசிகள் உண்டு. அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களும் உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை தரிசனத்துக்கு வரும்போது தங்க ஓர் இடம், மற்றபடி விலை ஏறட்டும் என்பது அவர்கள் எண்ணம். இரவு எட்டு மணிக்கு இந்தக் கட்டடங்களை நிமிர்ந்து பார்த்தால் விளக்கு எரியும் ஜன்னல்களை எண்ணிவிடலாம். பூட்டிய வீடுகளின் சாவிக்கொத்தை வைத்திருக்கும் வாட்ச்மேனோ மனைவி மக்களோடு மாடிப்படிக்கு அடியில் ஓர் அறையில் குடியிருக்கிறார்.

பூட்டி வைக்காதவர்கள் யாத்திரிகர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். சில நாள் வாடகையிலேயே ஒரு மாத வாடகை வந்துவிடும்போது, மாதச் சம்பளக்காரருக்கு ஏன் விடப் போகிறார்கள்? அப்படியே விடுவதானாலும் முதல் கேள்வி, "அசைவம் சாப்பிடுவீர்களா?" என்பது. இரண்டாவது கேள்வி என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள்கூட ஓய்வு பெற்று வெளியே வரும் நாளில்தான் இந்தச் சோதனையை முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். கட்டடத் தொழிலாளியும் ஹோட்டல் தொழிலாளியும் பூக்கட்டும் பெண்களும் ஆண்டு முழுவதும் சந்திக்கிறார்கள்.

இது திருப்பதிக்கு மட்டும் உள்ள நோய் அன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் காலியாகக் கிடந்த வீடுகள் 1 கோடியே 11 லட்சம். மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு 2012இல் கணக்கிட்ட நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை 1 கோடியே 88 லட்சம். ஒரு பக்கம் ஆளில்லாத வீடு, மறு பக்கம் வீடில்லாத ஆள்! செங்கல்லும் சிமெண்டும் போதாமல் வந்த பஞ்சம் என்று இதைச் சொல்ல முடியுமா?

தடை கேட்பது ஏன் தவறு?

தீர்மானம் கொண்டுவந்த தோழர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அவர்கள் கேட்கும் மருந்து நம்மையே கொல்லும்.

வெளியூரான் என்றால் யார்? திருப்பதியில் நாம்தானே முதல் வெளியூரான்! வடவேங்கடம் தமிழகத்தின் வடக்கு எல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் சொல்கிறது என்று நம் பெரியவர்கள் பெருமையோடு பேசுவார்கள். பெருமை சரி. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. திருப்பதி ஆந்திராவில் நின்றது. பாயிரத்தைக் காட்டி எந்த வீட்டுக்காரரிடமும் வாடகையைக் குறைக்க முடியாது. இந்தியக் குடிமகன் நாட்டின் எந்தப் பகுதியிலும் குடியேறி வாழலாம் என்று அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு தரும் உரிமைதான் இங்கே நமக்குள்ள ஒரே பத்திரம். அந்தப் பத்திரத்தை நாமே கிழிக்கலாமா?

வரலாறு என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1966இல் பம்பாயில் 'மண்ணின் மைந்தர்' முழக்கம் எழுந்தபோது அடி விழுந்தது யாருக்கு? கோடீஸ்வரர்களுக்கா? இட்லிக் கடைக்காரருக்கும் குமாஸ்தாவுக்கும் டைப்பிஸ்டுக்கும் அல்லவா விழுந்தது! முல்கி விதிகளின் பேரில் 1969இலும் 1972இலும் இந்த ஆந்திர மாநிலமே இரண்டாகப் பிளந்து நின்றதை மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி இதே சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, சிறப்புக் காவல் படையினர் சுட்டதில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் மாண்டார்கள். வெளியூரான் என்ற சொல் யார் மேல் முதலில் பாயும் என்பதை நமக்கு வேறு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஜப்பானிலும் இன்று இதே விவாதம் நடக்கிறது. 'ஜப்பானியருக்கே முதலிடம்' என்ற முழக்கத்தோடு போட்டியிட்ட சான்செய்தோ என்ற கட்சி 2025 ஜூலை மேலவைத் தேர்தலில் 14 இடங்களை வென்றது. வீட்டு விலை ஏற்றத்துக்கு அந்நியர்களே காரணம் என்ற பேச்சு பரவியது. ஆனால் அதே ஆண்டு அந்நாட்டு அரசு வெளியிட்ட கணக்கு வேறு கதை சொன்னது. 2025ஆம் ஆண்டின் முதல் 6 மாதங்களில், டோக்கியோவின் 23 வார்டுகளில் புதிய அடுக்குமாடி வீடு வாங்கியவர்களில் வெளிநாட்டு முகவரி உடையவர்கள் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு. மற்ற 96 பேரும் உள்நாட்டு முகவரிக்காரர்கள். அந்நியனைக் காட்டிவிட்டால் உள்ளூர் முதலைகள் தப்பித்துக்கொள்ளும்.

திருப்பதியிலும் அதே கதைதான். பூட்டிய வீடுகள் எல்லாம் வெளியூராருடையவையா? இதே ஊரில் பத்து வீடு வைத்துக்கொண்டு எட்டைப் பூட்டி வைத்திருக்கும் பிரமுகர் வெளியூரானா? தடை வந்தால் சென்னைச் செல்வந்தர் உள்ளூர்ப் பினாமி பெயரில் வாங்கிக்கொள்வார். இருபது ஆண்டு சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் ஒரு சிறு வீடு வாங்கப் போகும் நம் தோழர்தான் பதிவு அலுவலக வாசலில் தடுத்து நிறுத்தப்படுவார்.

எல்லாத் தடையும் தவறு என்று நாம் சொல்லவில்லை. பழங்குடி மக்களின் நிலம் மற்றவர் கைக்குப் போகாமல் தடுக்க ஆந்திராவில் 1970ஆம் ஆண்டின் முதலாம் எண் ஒழுங்குமுறை இருக்கிறது. எளியவனின் நிலத்தை வலியவனிடமிருந்து காக்கும் தடை அது. அதை நாம் ஆதரிக்கிறோம். எளியவனின் மேலேயே வந்து விழும் தடை வேறு.

அப்படிப்பட்ட தடை நம் இனத்தின் மீதே விழுந்து கிடக்கிறது. இலங்கைக் குடிமகன் இந்தியாவில் வீடு வாங்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி தேவை. அனுமதி இல்லாவிட்டால் 5 ஆண்டுக்கு உட்பட்ட குத்தகை மட்டுமே. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து வந்து நீண்டகால விசாவில் வாழும் சிறுபான்மையினர் குடியிருக்க ஒரு வீடு வாங்கிக்கொள்ள விதி இடம் தருகிறது. 1983 முதல் முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்கு அந்த இடம் இல்லை. தலைமுறைகளாக இங்கேயே குடியிருப்பவருக்குத் தடை. குடியிருக்கவே எண்ணாதவருக்குத் திறந்த கதவு. தடை என்ற ஆயுதம் யாரை வெட்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மலைமேல் ஒரு வழி இருக்கிறது

வழி தேடிக் கியோட்டோ வரை போக வேண்டியதும் இல்லை. தலையை நிமிர்த்தித் திருமலையைப் பார்த்தால் போதும்.

மலைமேல் எவ்வளவு பணம் இருந்தாலும் ஒருவர் தமக்கென்று பிளாட் வாங்க முடியாது. செல்வந்தர்கள் நன்கொடை கொடுத்து அங்கே தங்கும் விடுதிகளைக் கட்டியிருக்கிறார்கள். வாசலில் அவர்கள் பெயர் இருக்கிறது. ஆனால் கட்டடம் தேவஸ்தானத்துக்கே சொந்தம். நன்கொடையாளர் ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்கள் தங்கிக்கொள்ளலாம். மற்ற நாட்களில் அதே அறை வரிசையில் நிற்கும் யாத்திரிகருக்குக் கொடுக்கப்படுகிறது. கொடுத்தவருக்கும் குறையில்லை, அறையும் காலியாகக் கிடப்பதில்லை.

திருமலையில் எல்லாமே நியாயமாக நடந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. கோயிலைச் சுற்றித் தலைமுறைகளாகக் குடியிருந்தவர்கள் மாஸ்டர் பிளானுக்காக வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். அந்த வேதனையைப் பாலாஜி நகர்க் குடும்பங்களிடம் கேட்டால் சொல்லும். ஆனால் ஆளில்லாத அறையை வைத்துக்கொண்டு அலையும் மனிதனைத் திருப்பி அனுப்பாதே என்ற விதி நல்ல விதி. மலைமேல் செல்லுபடியாகும் விதி அடிவாரத்தில் ஏன் செல்லக் கூடாது?

இரண்டு மறுப்புகள்

"அவன் பணம், அவன் வீடு; பூட்டுவான், திறப்பான், நமக்கென்ன?" என்று சிலர் கேட்பார்கள். அந்த வீட்டு வாசலுக்கு வரும் சாலையும் குடிநீரும் சாக்கடையும் தெருவிளக்கும் ஊர்ப்பணத்தில் வந்தவை. ரயிலும் விமான நிலையமும் பொதுப்பணம். இவற்றால்தான் அவர் வீட்டின் விலை ஏறுகிறது. ஊர் ஏற்றிக்கொடுத்த விலையில் ஊருக்கு ஒரு பங்கு கேட்பது கொள்ளையாகாது.

"வரி போட்டால் கட்டட வேலை குறைந்து நம் கொத்தனார் வயிற்றில் அடி விழும்" என்பது இரண்டாவது மறுப்பு. இது கவனிக்க வேண்டிய மறுப்பு. ஆனால் நாம் வரி கேட்பது கட்டுவதற்கு அன்று. கட்டியதைப் பூட்டி வைப்பதற்கு. அந்த வரிப்பணத்தில் தொழிலாளர் வாடகைக் குடியிருப்பு கட்டினால் அதைக் கட்டப்போவதும் அதே கொத்தனார்தான்.

வீடு வாங்க நினைக்கும் உறுப்பினர்களுக்கு

தவணையில் பிளாட் தருகிறோம் என்று நம் குடியிருப்புகளுக்குள் வரும் ஏஜெண்டுகளிடம் எச்சரிக்கை தேவை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, எட்டு வீட்டுக்கு மேற்பட்ட அல்லது 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டம் மாநில ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்வதற்கு முன் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அட்வான்ஸ் வாங்க அவருக்கு உரிமை இல்லை. சுவருக்குள் உங்களுக்குக் கிடைக்கும் தரைப்பரப்பு எவ்வளவு, மண்ணில் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு என்பது பத்திரத்தில் இருக்க வேண்டும். பத்திரம் தெலுங்கில் இருந்தால் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு படித்துக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நாம் கேட்பவை

தள்ளிவைத்த தீர்மானத்துக்குப் பதிலாகக் கீழ்க்கண்டவற்றைக் கிளைகளின் முன் வைக்கிறோம்.

1. திருப்பதி மாநகராட்சி எல்லையில் ஆண்டின் பெரும்பகுதி ஆளில்லாமல் கிடக்கும் வீடுகளுக்குத் தனி வரி. சொந்தக்காரர் உள்ளூரா வெளியூரா என்று பார்க்கக் கூடாது. ஒருவர் குடியிருக்கும் ஒரே வீட்டுக்கும், வேலைக்காகத் தற்காலிகமாக வெளியே போனவரின் ஒரே வீட்டுக்கும் விலக்கு வேண்டும்.

2. குடியிருப்பு வீடுகளை யாத்திரிகர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவதைப் பதிவு செய்து, அதற்கு நாள் வரம்பு விதிக்க வேண்டும்.

3. இந்த வரிப்பணம் தனிக் கணக்கில் சேர்ந்து, அதிலிருந்து தொழிலாளர் வாடகைக் குடியிருப்புகள் கட்டப்பட வேண்டும். இடம் ஒதுக்கும்போது பிறந்த ஊரையும் தாய்மொழியையும் கேட்கக் கூடாது.

4. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்குக் குடியிருக்க ஒரு வீடு வாங்கும் உரிமையை மத்திய அரசு வழங்க வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளைத் தமிழர் மட்டும் எழுப்பினால் போதாது. நம் பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் கடப்பைக்காரரும் அனந்தபுரத்துக்காரரும் இதே வாடகையைத்தான் கொடுக்கிறார்கள். துண்டறிக்கை தெலுங்கிலும் தமிழிலும் அச்சாக வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு கிளையும் தன் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை எண்ணி எழுதட்டும். சொந்தக்காரர் பெயரோ மொழியோ வேண்டாம். கட்டடம், மொத்த வீடுகள், பூட்டியவை, நாள் வாடகைக்கு விடுபவை என்ற நான்கு கணக்கு போதும். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு அந்தக் கணக்கோடு வாருங்கள். மாநகராட்சி அலுவலகத்துக்கு எந்த நாளில் போவது என்பதை அங்கே முடிவு செய்வோம்.